பெட்டி காணாத மூக்குத்தி

எங்கள் குடும்பத்தில் ஒரு மூக்குத்தி இருக்கிறது. ஏழு கல் வைத்தது. ஓரத்துக் கல் ஒன்று எப்போதோ விழுந்துவிட, அந்தக் குழியை யாரோ அரக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். வெயிலில் ஆறு கல் மின்னும், ஒன்று மட்டும் சொத்தைப் பல் மாதிரி கறுத்திருக்கும். நகைக்கடையில் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் என் அம்மா வழிப் பெண்கள் அதற்குக் கொடுக்கிற மரியாதையைக் குலசாமிக்குக்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. போட்டிருப்பவள் உயிரோடு இருக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. அவள் இறந்த அன்று, நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டுவதற்கு முன்பு, மூத்த மகள் தன் கையால் திருகைக் கழற்றி, தலைமாட்டிலேயே தன் மூக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் தரையில் வைக்கக் கூடாது. பெட்டியில் பூட்டக் கூடாது. ஒரு மூக்கை விட்டால் அடுத்த மூக்குக்குத்தான் போக வேண்டும். பெட்டிக்குள் போனால் வீட்டில் அடுத்த சாவு சீக்கிரம் விழும் என்பார்கள். யார் சொன்னது, எப்போது அப்படி விழுந்தது என்று கேட்டால் பதில் வராது. முறைப்புதான் வரும்.

அது கைமாறியதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை பார்த்தேன். மார்க்கையன்கோட்டை வீட்டில் அம்மா தன்னைப் பெற்றவளின் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுகையை நிறுத்திவிட்டு, திருகில் தேங்காய் எண்ணெய் விட்டு மெல்ல மெல்லத் திருப்பினாள். ஊசியில் நூல் கோக்கும்போது இருக்கிற முகம்தான் அப்போதும் இருந்தது. போட்டுக்கொண்டு நிமிர்ந்ததும் சுற்றியிருந்த பெண்கள் மறுபடியும் ஓவென்று அழுதார்கள். நான் அன்று முழுவதும் அம்மா பக்கத்தில் போகவில்லை. அவள் முகத்தில் செத்தவளின் மூக்கு இருப்பதாக எனக்குப் பட்டது.

பிறகு அப்பா இறந்தபோது அம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். வளையலைக் கழற்றினார்கள். மூக்குத்திப் பக்கம் மட்டும் ஒருவர் கையும் போகவில்லை. "தாலி அவரோடது, அவரோட போயிருச்சு. இது என்னோடது. நா போறப்பத்தான் போகும்" என்று அம்மா எல்லோரும் கேட்கச் சொன்னாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒரு பிடிமானமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. சின்னமனூரில் நானும் என் வீட்டுக்காரரும் விதை, உரக்கடை வைத்திருக்கிறோம். மழை வருமா என்று பல்லியைக் கேட்பவர்களுக்கும், செல்போனைக் கேட்பவர்களுக்கும் ஒரே விதையைத்தான் விற்கிறேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் திடீரென்று தலைசுற்றல் வந்தது. அடுப்படியில் ஒரு தடவை விழுந்தாள், வாய்க்கால் கரையில் ஒரு தடவை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அம்மாவும், அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவும், நானும் தேனிக்குப் போனோம். சின்னம்மா எங்கே போனாலும் எங்கள் குடும்பத்துச் சட்டங்களும் கூடவே பஸ் ஏறும். எந்தக் கிழமை எண்ணெய் வாங்கக் கூடாது, எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஸ்கேன் எடுக்கிற பெண் சிறுசு, சிரித்த முகம். "அம்மா, உள்ள எந்த நகையும் போட்டுட்டு வரக் கூடாது. கம்மல், மூக்குத்தி எல்லாம் கழட்டிருங்க" என்றாள்.

அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். மூக்கில் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இது கழலாது தாயி."

"சோப்புத் தண்ணி வச்சாக் கழண்டுரும்மா. நா எடுத்து விடவா?"

"கழலாதுன்னா, கழட்டக் கூடாதுன்னு அர்த்தம்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் அடுத்த ஆள் காத்திருந்தார். நான் அம்மாவிடம் கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப நீயே எடு" என்றாள். எடுக்க வேண்டிய கை மூத்த மகளான என் கைதான், அதிலும் அவள் பிசகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் முன்னால் குனிந்து திருகைத் திருப்பினேன். ஜில்லென்று இருந்த அந்தத் தாழ்வாரத்திலும் எனக்கு வியர்த்தது. மூக்குத்தி கழன்று வந்தபோது அம்மாவின் மூக்கில் வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. அத்தனை வருஷம் வெயில் படாத இடம்.

நான் என் பர்ஸின் ஜிப்பைத் திறந்தேன். சின்னம்மா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏத்தா, என்ன காரியம் பண்ற? அதுக்குள்ள போடுவியா? பொட்டியும் பர்சும் ஒண்ணுதான். ஒம் மூக்குல போட்டுக்க. அவ வெளிய வந்ததும் கழட்டிக் குடுத்துருவோம்."

அவசரம். அம்மாவை அந்தப் பெண் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் என்னுடைய ஒற்றைக்கல் மூக்குத்தியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிட்டு, அந்த ஏழு கல்லை என் மூக்கில் திருகினேன். இன்னும் சூடாக இருந்தது.

அம்மா வெளியே வந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே மூக்கில் கையை வைத்தேன், கழற்றுவதற்கு. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மாறிருச்சுல்ல" என்றாள்.

சின்னம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தாயின் மூக்கில் இருந்து மகளின் மூக்குக்குப் போவது ஒரே ஒரு நாளில்தான். அந்த நாள் வராமலே அதை மாற்றிவிட்டோம். கீழே இறங்கியதை மேலே ஏற்றலாமா என்பதற்குச் சின்னம்மாவிடமே சட்டம் இல்லை.

ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லை. வயசானால் வருகிற தேய்மானம்தான், மாத்திரை போட்டால் தலைசுற்றல் நிற்கும் என்றார் டாக்டர். நின்றும் போனது. எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

தன் ஊருக்குப் போனதும் அம்மா கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதை நிறுத்தினாள். சேலைகளை எடுத்து, நல்லதெல்லாம் ஒரு பக்கம், கட்டிக் கழித்ததெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கினாள். நான் ஞாயிற்றுக்கிழமை மினி பஸ்ஸில் குழம்பு கொண்டு போனால் தொட்டுப் பார்ப்பாள். "போனவளுக்கு எதுக்குத்தா கறிக்கொழம்பு?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

மூக்குத்தியைக் கழற்றி அவள் முன்னால் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையாலேயே போட்டுவிடப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டாள். அம்மாவின் மூக்குத் துளை தூர்ந்துபோய்விடக் கூடாது என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது குச்சி இல்லை. துளை சுருங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் சுருங்கியிருந்தது. நான் வேறு எதையும் பார்ப்பதில்லை, வாசலில் கால் வைத்ததும் அந்தத் துளையைத்தான் பார்ப்பேன். அது மூடினால் அம்மா போய்விடுவாள் என்று என் மனதில் எப்படியோ விழுந்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவளின் லட்சணம்.

ஒருநாள் என் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தியைக் கழற்றினேன். பீரோவைத் திறந்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, போம்மா, எல்லாம் வெறும் பேச்சு என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவதாக இருந்தேன். லாக்கர் கதவு வரைக்கும் கை போனது. அங்கேயே நின்றது. திரும்பி வந்து மூக்கிலேயே போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அம்மா மீதா, சின்னம்மா மீதா, என் மீதா என்று இன்னும் தெரியவில்லை.

இதற்குள் கடையில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் விதை வாங்க வருவார்கள். பேசிக்கொண்டே இருப்பவர்கள் என் மூக்கைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள்.

"அத்த எப்பம்மா தவறுனாக? எங்களுக்கு ஒரு போன்கூட வரலயே?"

"அவுக நல்லா இருக்காக."

"பெறகு இது ஒம் மூக்குல...?"

ஒவ்வொருவரிடமும் ஸ்கேன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியா" என்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. "ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துர்றோம்" என்பார்கள். நல்லா இருக்கிறவளை எதற்கு இத்தனை பேர் அவசரமாகப் பார்க்கப் போகிறார்கள்?

ஆடிக்காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் அம்மா வீட்டில் இருந்தேன். தென்னை மட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. மேகமலை கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ துட்டி என்று நினைத்தேன். சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது.

பண்ணைப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற அப்பாவின் தங்கை, என் அத்தை, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அவள் மகன் எங்கள் கடைக்கு வந்து, என் மூக்கைப் பார்த்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் துட்டி கேட்க வந்திருக்கிறாள். "என்னயத் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே மதினி" என்று வாசலில் வந்து விழப் போனவளுக்கு, கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிற மதினியைப் பார்த்ததும் குரல் அப்படியே நின்றுபோனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் இதைச் சொல்லிச் சொல்லிப் பத்து வருஷம் சிரிப்பார்கள். அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"வந்தது வந்துட்ட. அழுதுட்டுப் போத்தா. நா போறன்னைக்கு ஒனக்கு பஸ் கெடைக்குதோ என்னமோ" என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அத்தை உண்மையிலேயே அழ ஆரம்பித்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, தன் சாவுக்கு வந்த அழுகையைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா சோறும் குறைத்துவிட்டாள். "ஊரே சொல்லிருச்சு, நா மட்டும் இல்லன்னு சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றாள். ரவிக்கை தோளில் தொளதொளத்தது. டாக்டரிடம் கூட்டிப்போனால் உடம்பில் ஒன்றும் இல்லை, மனசைத் தேற்றுங்கள் என்றார். எதைச் சொல்லித் தேற்றுவது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்படி அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கையை நான் கவனிக்கவில்லை. கடையில் வெங்காய விதையை அள்ளும்போது கரண்டி நழுவியது. இன்னொரு நாள் சாவி நழுவியது. வலது கை விரல்கள் மரத்துப்போய், காலையில் எழுந்தால் தலை பிளந்தது. மூக்குத்தி கனத்தில்தான் தலைவலி என்று நானே ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நிறுத்தினார். எனக்கும் அதையேதான் சொன்னார் டாக்டர், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். சின்னம்மா சொல்லிவிட்டாள். காலையில் நான் கிளம்பும்போது அம்மா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறாள். மாதக்கணக்கில் தானாகத் தெருவைத் தாண்டாதவள், முதல் மினி பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கூடச் சின்னம்மா. நல்ல சேலைப் பக்கத்திலிருந்து எடுத்த ஒன்றை அம்மா கட்டியிருந்தாள்.

"நானும் வாரேன்" என்றாள்.

அதே தாழ்வாரம். அதே பெஞ்சு. அதே பெண், அதே சிரிப்பு. "நகையெல்லாம் கழட்டிருங்கக்கா" என்றாள். எங்களை அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் மூக்கில் கையை வைத்தேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம்.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு மூக்கே குத்தவில்லை. குத்தியிருந்தாலும் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டேன், அந்த மூக்குக்குப் போவதை நினைக்கவே பயமாக இருந்தது. சின்னம்மா இளையவள், அவள் போடக் கூடாது. பர்ஸ் கூடாது, தரை கூடாது.

சின்னம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, நீ போட்டுக்கயேன். ஒன்னோடதுதான. வேற என்ன செய்ய?"

அம்மா திரும்பினாள். அவளை அப்படி நான் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஏண்டி, எம் மக செத்தா போனா? உசுரோட இருக்கிறவ மூக்குல இருந்து எடுத்து நா போட்டுக்கிறணுமா? எந்த வாயால சொல்ற நீ?"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கேன் பெண் கதவுக்கு வெளியே வந்து, "சத்தம் போடாதீங்கம்மா" என்றாள்.

"நீ இரு தாயி" என்றாள் அம்மா. என் பக்கம் வந்து, திருகைத் தானே கழற்றினாள். கழற்றியதை இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "இங்கனதான் இருப்பேன். வந்து வாங்கிக்க" என்றாள்.

கையில் வைத்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் தடவையே சின்னம்மாவோ நானோ உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அம்மா வெளியே வந்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் வடை தின்றிருப்பாள். மூக்கு இல்லையென்றால் பெட்டி, பெட்டி இல்லையென்றால் மூக்கு என்றே காலகாலமாகக் கேட்டு வளர்ந்ததில், கை என்று ஒன்று இருப்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஸ்கேன் எடுக்கிற அந்தக் குழாய்க்குள் தடதடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள் அந்தப் பெண்.

வெளியே வந்தபோது அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கையை விரித்துக் காட்டினாள். மூக்குத்தியின் தண்டு குத்தி, உள்ளங்கையில் சிவப்பாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"நீ போட்டுக்கம்மா" என்றேன்.

"மாட்டேன். நீ போடு."

"நா போட்டா நீ செத்தவன்னு அர்த்தம். நா போட மாட்டேன்."

"நா போட்டா நீ..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. விரல்களை மறுபடியும் மூடிக்கொண்டாள்.

இந்த முறை டாக்டர் தேய்மானம் என்று சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் வைத்து, இடது பக்கம் ஓர் இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். கட்டி. எடுத்துவிடக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது, மதுரைக்குப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். எடுத்துப் பார்த்த பிறகுதான் என்ன வகை என்று சொல்ல முடியுமாம். என் வீட்டுக்காரர் என்னென்னவோ கேட்டார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அரக்கு வைத்து அடைத்த அந்த ஏழாவது கல்லின் கறுப்புதான் அந்தப் படத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அம்மா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மூக்குத்தி அவள் இடது கையில் இருக்கிறது. தூங்கும்போது மட்டும் முந்தானையில் முடிந்து, அந்த முடிச்சைக் கைக்குள் வைத்துக்கொள்கிறாள். ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கிறாள், உரிக்க முடியாமல் வெங்காயத்தைத் திட்டுகிறாள். கறிக்குழம்பு வைக்கச் சொல்லி வாங்கிச் சாப்பிடுகிறாள். நேற்று இரண்டாம் தடவை சோறு கேட்டாள். நான் ஆச்சரியமாகப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்தப் பாக்குற? இத கையில வச்சிக்கிட்டு நா எங்கிட்டுச் சாக? வாங்குறதுக்கு நீ வரணும்ல."

அவள் மூக்குத் துளை ஏறக்குறைய மூடிவிட்டது. என் மூக்கில் ஒன்றும் இல்லை, என்னுடைய ஒற்றைக்கல்லைப் போடவும் மனம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சாடையில் இருக்கிறோம். மதுரைக்கு எடுத்துப்போக வேண்டிய பையை என் வீட்டுக்காரர் கட்டி வைத்துவிட்டார். மகள் நாளைக்கு வந்துவிடுவாள்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "நா வந்து வாங்கலைன்னா என்னம்மா பண்ணுவ?"

அம்மா தட்டில் இருந்த சோற்றை வலது கையால் பிசைந்துகொண்டே இருந்தாள். இடது கை மடியில் மூடிக் கிடந்தது.

"கையத் தொறக்க மாட்டேன்" என்றாள்.